சிற்றுயிர் கூறும் சான்று

அந்தமான் தீவுகளில், நடு அந்தமானுக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்றொரு சிறு தீவு உண்டு. ரங்கத்திலிருந்து படகேறித்தான் அங்குச் செல்ல வேண்டும். ஒரு விடுமுறையில் அங்குள்ள உறவினர் வீட்டில் பத்து நாள்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விலங்கியல் மாணவன் என்ற பெருமையோடு, மீன் குஞ்சுகளுக்கு இரையாக விற்கும் ஆர்ட்டீமியா முட்டைப் பொட்டலம் ஒன்றையும், கைக்கண்ணாடி ஒன்றையும், சில சிறு குப்பிகளையும் பெட்டியில் வைத்துக்கொண்டு சென்றேன்.

நான் குப்பிகளை அடுக்குவதைக் கண்ட படகோட்டி ஒருவர், “தம்பி, படகுத்துறைத் தண்ணி முன்ன மாதிரி இல்லன்னு சொல்றாங்க. எண்ணெய் மிதக்குது. உன் படிப்ப வெச்சு அது கெட்டுப் போச்சா இல்லையான்னு பார்த்துச் சொல்லேன்” என்றார். “பார்த்துச் சொல்கிறேன் அண்ணே” என்று உடனே ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு வாக்கினால் நான் கற்ற பாடத்தையே இக்கட்டுரையில் எழுதுகிறேன். வகுப்பில் படித்தபோது எளிதாகத் தோன்றியது, கடற்கரையில் அவ்வளவு எளிதாக இல்லை.

சிற்றுயிரின் மோப்பம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். முதுகெலும்பற்ற சிறு பிராணிகளிற் பல, கண்ணால் உலகைக் காண்பதினும் மிகுதியாக, இரசாயனப் பொருள்களாலேயே அதனை அறிகின்றன. லாங் ஐலண்டின் லாலாஜி விரிகுடாக் கரையில் மாலையில் சிறிது நேரம் அசையாமல் அமர்ந்திருந்தால் இதனைக் காணலாம். தேங்காய்ப் பருப்புத் துண்டு ஒன்றை மணலில் வைத்தால், சங்கு ஓட்டைச் சுமந்து திரியும் துறவி நண்டுகள் ஒவ்வொன்றாக அத்திசை நோக்கித் திரும்பும். அவற்றின் தலையிலுள்ள குறு உணர்கொம்புகள் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும். அத்துடிப்பே அவற்றின் மோப்பம்.

நன்னீர்க் குளத்து ஹைட்ராவை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூளையில்லை, கண்ணில்லை. அது பிடித்த இரையின் உடலில் துளை விழுந்ததும் குளூட்டாதையோன் என்ற பொருள் கசிகிறது. அப்பொருள் பட்டவுடன் ஹைட்ரா வாயைத் திறக்கிறது. இரையே இல்லாமல் அப்பொருளை மட்டும் நீரில் கலந்தாலும் அது வாயைத் திறக்கும் என்பதை லூமிஸ் என்ற அறிஞர் 1955இல் காட்டினார்.

படகின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் அத்தகையதே. அதன் இளம் பருவம் நீரில் நீந்தித் திரிவது. ஒட்டுவதற்கு இடம் தேடும்போது, தன் இனத்து மூத்தவை இருந்த இடத்தை அவை விட்டுச் சென்ற இரசாயனச் சுவடுகளால் அறிந்து, அங்கேயே குடியேறுகிறது. நைட்-ஜோன்ஸும் கிரிஸ்ப்பும் 1953இல் இதனை விளக்கினர். ஒரு கொட்டலசு ஒட்டிய படகில் ஓராயிரம் ஒட்டுவதன் காரணம் இதுவே.

ஆகவே, நீரில் நாம் கலக்கும் எப்பொருளும் இச்சிற்றுயிர்களுக்கு ஒரு செய்தியாகும். சில பொருள்கள் அழைக்கும்; சில விரட்டும்; சில மயக்கும்; சில கொல்லும். இவற்றை அளந்தறியும் முறைக்கு உயிர்வழிச் சோதனை என்று பெயரிடலாம்.

தராசு சொல்லாதது

‘நீரில் என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது என்று இரசாயனச் சாலையில் அளந்துவிட்டால் போதாதா? பிராணியைத் தொல்லைப்படுத்துவது எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தராசும் கருவியும் ‘எவ்வளவு’ என்று மட்டுமே கூறும். ‘அதனால் என்ன நேரும்’ என்று கூறமாட்டா. மேலும், நாம் தேடும் பொருளைத்தான் கருவி காட்டும். சாயக்கழிவு நீரில் ஐம்பது பொருள்கள் கலந்திருக்க, நாம் பத்தை மட்டும் தேடினால், எஞ்சிய நாற்பதும் நமக்குத் தெரியாமலே போகும். உயிர் அவ்வாறன்று. அது ஐம்பதையும் ஒருசேர அனுபவித்து விடை கூறுகிறது.

இந்தியச் சட்டமும் இதனை ஏற்றிருக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வகுத்த பொதுத் தரங்களில், உலோகங்களுக்கும் அமிலத்தன்மைக்கும் எல்லை கூறியதோடு, கலப்பில்லாத கழிவு நீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரத்துக்குப் பின் 100க்கு 90 உயிரோடிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. கருவியின் சான்றோடு உயிரின் சான்றும் வேண்டும் என்பதே இதன் பொருள்.

இவ்வேலைக்குச் சிறு பிராணிகளே மிக வசதியானவை. நன்னீருக்கு நீர்த்தெள்ளு என்னும் டாப்னியா உலகெங்கும் பயன்படுகிறது. தொழிற்சாலைக் கழிவிலுள்ள பொருள்கள் பலவற்றை அதனைக்கொண்டு சோதித்து ஆண்டர்சன் 1944இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. பன்னாட்டு முறைப்படி, பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை எடுத்து, ஒவ்வொரு செறிவிலும் 20 குஞ்சுகளை விட்டு, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாத்திரத்தை மெல்ல அசைத்த பின் 15 விநாடிக்குள் நீந்தாத குஞ்சு ‘அசைவிழந்தது’ என்று கணக்கிடப்படும்.

குஞ்சுகள் நலமாக உள்ளனவா என்று சரிபார்க்கப் பொட்டாசியம் டைக்குரோமேட் என்ற உப்பைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது வழக்கம். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் இருந்தாலே, 24 மணி நேரத்தில் அது பாதிக் குஞ்சுகளின் அசைவை நிறுத்திவிடும். குரோமியம் என்ற சொல் பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. தோல் பதனிடும் சாலைகளின் கழிவால் ஆறும் கிணறும் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியதை அவர்கள் அறிவர். தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு வேறு, டைக்குரோமேட் வேறு, பின்னதே கொடிது. எனினும், கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் ஓர் உயிர், எவ்வளவு சிறிய அளவுக்கு அஞ்சுகிறது என்பதை இதனால் உணரலாம்.

கடல் நீருக்கு எளியவர் துணை ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களிலும் இது வாழ்கிறது. இதன் உலர்ந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெதுவெதுப்பான கடல் நீரில் இட்டால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். பொரித்த நாப்ளியஸ் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். வெளிச்சத்தை நோக்கி நீந்துவது அதன் இயல்பு. ஆதலால் பாத்திரத்தின் ஒரு பக்கம் விளக்கை வைத்தால், முட்டை ஓடுகளை விட்டு அவை அங்கே கூடிவிடும்; சொட்டுக்குழாயால் எளிதில் எடுக்கலாம். முதல் நாளில் தன் உடலிலுள்ள கருவுணவைக் கொண்டே அது வாழ்வதால் இரையிட வேண்டியதுமில்லை. 1982இல் மேயரும் அவருடன் உழைத்தோரும் மூலிகைச் சாறுகளைச் சோதிக்க இதனை எளிய முறையாக வகுத்தளித்த பிறகு, நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் இது பரவிவிட்டது.

நான் செய்த பிழை

இத்தனையும் படித்திருந்த நான் லாங் ஐலண்டில் என்ன செய்தேன்? படகுத்துறை நீரை ஒரு புட்டியில் எடுத்து வந்தேன். மூன்று குப்பிகளில் அந்நீரை ஊற்றி, குப்பிக்குப் பத்துக் குஞ்சுகளாக விட்டேன். மறுநாள் காலையில் முப்பதும் மாண்டு அடியில் கிடந்தன. எனக்கு ஒரே உற்சாகம். தேநீர்க் கடையில் படகோட்டியைக் கண்டு, “அண்ணே, தண்ணீர் நஞ்சாகத்தான் இருக்கிறது. நேற்று விட்ட குஞ்சு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை” என்றேன். அங்கிருந்த நால்வர் அதைக் கேட்டனர். பிற்பகலுக்குள் ‘படகுத்துறை மீன் ஆகாது’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மீன் விற்கும் அம்மாள் ஒருவர் என்னைத் தேடி வந்து, “நீ சொன்னது நிசமா தம்பி?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய அன்றைய கூடை விற்கவில்லை.

அன்றிரவு, தீவின் மறுபக்கத்திலிருந்து கொண்டு வந்த தூய கடல் நீரை அதே புட்டியில் ஊற்றி வைத்து, அதிலிருந்து குப்பிகளை நிரப்பிக் குஞ்சுகளை விட்டேன். காலையில் அவையும் மாண்டிருந்தன! அப்புட்டி, சலவைத் தூள் இட்டுக் கழுவி, சரியாக அலசாமல் வைத்த புட்டி. குஞ்சுகளைக் கொன்றது படகுத்துறையா, சலவைத் தூளா என்று யார் சொல்ல முடியும்? முதல் நாளே ஒரு குப்பியில் தூய நீரை, அதே புட்டியில் ஊற்றியெடுத்து, ஒப்பீட்டுக்காக வைத்திருந்தால் இந்த வீண் பேச்சு எழுந்திராது. முட்டைப் பொட்டலமும் தீர்ந்துவிட்டது, விடுமுறையும் முடிந்துவிட்டது. தேநீர்க் கடையில் நின்று என் பிழையைச் சொல்லிவிட்டுத்தான் படகேறினேன். அத்துறையின் நீரைப் பற்றி நான் இன்றுவரை அறிந்தது ஒன்றுமில்லை.

ஒப்பீட்டுக் குப்பி ஏதோ சடங்குக்கு வைப்பதென்று எண்ணும் நண்பர்கள், அந்த அம்மாளின் கூடையை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். டாப்னியா சோதனையில் ஒப்பீட்டுப் பாத்திரத்திலேயே 100க்கு 10க்கு மேல் அசைவிழந்தால், சோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்பது விதி.

சோதனையைச் செய்யும் முறை

இனி, பிழையில்லாமல் செய்வதெப்படி என்று காண்போம். சலவைத் தூளையே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஒரே கடல் நீரைக்கொண்டு கரைசல்களைச் செய்க. லிட்டருக்கு 10, 20, 40, 80, 160 மில்லிகிராம் என இருமடங்காக உயர்த்திச் செல்க. 10, 20, 30 என்று கூட்டிச் செல்லாமல் இருமடங்காக்குவது ஏன்? உயிர்கள் பெரும்பாலும் கூட்டலுக்கன்று, பெருக்கலுக்கே எதிர்வினை காட்டுகின்றன. 10க்கும் 20க்கும் உள்ள வேறுபாடு பெரிது; 150க்கும் 160க்கும் உள்ள வேறுபாடு சிறிது.

இரண்டாவது, ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குப்பிகள். குப்பிக்குப் பத்துக் குஞ்சுகள். தூள் கலக்காத நீரிலும் மூன்று குப்பிகள். எல்லாம் ஒரே வகைக் குப்பி, ஒரே வெப்பம், ஒரே வெளிச்சம்.

மூன்றாவது, 24 மணி நேரத்துக்குப் பின் எண்ணுக. பத்து விநாடி உற்று நோக்கியும் உறுப்பு எதனையும் அசைக்காத குஞ்சு இறந்ததாகும். கூடுமானால், எண்ணுபவருக்கு எக்குப்பியில் என்ன இருக்கிறதென்று தெரியாதபடி மற்றொருவர் குறியிட்டு வைப்பது நலம். நாம் விரும்பும் விடையை நம் கண் தேடும்.

நான்காவது, கணக்கு. எடுத்துக்காட்டாக, முப்பதில் இறந்தவை 10இல் ஒன்றுமில்லை, 20இல் 3, 40இல் 12, 80இல் 21, 160இல் 30 என்றும், தூய நீரில் ஒன்றும் இறக்கவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 40இல் நூற்றுக்கு 40. 80இல் நூற்றுக்கு 70. பாதி இறக்கும் செறிவு இவற்றுக்கு இடையில் உள்ளது. 40லிருந்து 70 வரை உள்ள 30இல் நமக்கு வேண்டியது 10. அதாவது மூன்றிலொரு பங்கு வழி. இருமடங்காகும் தொலைவில் மூன்றிலொரு பங்கு சென்றால், மடக்கைக் கணக்குப்படி 40ஐ 1.26ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 50. இதுவே ‘பாதி கொல்லும் செறிவு’. மருந்துகளின் வலிமையை இவ்வாறு பாதிக்கணக்கில் அளக்கும் வழியை 1927இல் டிரெவன் வகுத்தார். எல்லாவற்றையும் கொல்லும் அளவு மிகக் கடினமான ஒரு குஞ்சைப் பொறுத்தது; முதல் குஞ்சைக் கொல்லும் அளவு மிக மெலிந்த ஒன்றைப் பொறுத்தது. நடுவிலுள்ளதே நிலையானது.

தூய நீரிலும் சில இறந்தால்? நூற்றுக்கு 10 அங்கே இறந்து, சோதனைக் குப்பியில் நூற்றுக்கு 40 இறந்தால், 40லிருந்து 10ஐக் கழித்து, வரும் 30ஐ, பிழைக்கக்கூடிய 90ஆல் வகுக்க வேண்டும். நஞ்சினால் இறந்தவை நூற்றுக்கு 33 மட்டுமே. 1925இல் ஆபட் என்பவர் தந்த திருத்தம் இது.

சாவு ஒன்றே விடையா?

இப்போது மறுபுறம் நோக்குவோம். நான் பிழையின்றிச் சோதித்து, முப்பது குஞ்சுகளும் நலமாக நீந்தின என்று வைத்துக்கொள்வோம். ‘அண்ணே, தண்ணீர் நல்ல தண்ணீர்’ என்று சொல்லியிருக்கலாமா? அதுவும் பிழையே. ஆர்ட்டீமியா உப்பளத்துக் கொடுமையைத் தாங்கும் வன்மையுடையது. பல நஞ்சுகளைப் பொறுத்துக்கொள்ளும். மேலும், ஒரு நாளில் சாகவில்லை என்பது வாழ முடியும் என்பதாகாது.

இதற்குச் சிறந்த சான்று, படகின் அடியிலேயே கிடைத்தது. கொட்டலசு ஒட்டாமலிருக்க டிரைபியூட்டைல் வெள்ளீயம் என்ற பொருளைக் கலந்த வண்ணத்தை 1960களிலிருந்து கப்பல்களுக்கும் படகுகளுக்கும் பூசினர். வண்ணம் நன்றாக உழைத்தது. கடற் பிராணிகள் பலவற்றைச் சில நாளில் கொல்ல, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் அப்பொருள் வேண்டும். துறைமுக நீரில் அதனினும் குறைவாகவே இருந்த இடங்கள் பல. ஆனால் 1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பிளேபர் என்பவர், பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதைக் கண்டார். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணித் தடித்தது. இளம் சிப்பிகள் பெருகவில்லை. சிப்பி வளர்த்தோர் பிழைப்பிழந்தனர். காரணம் அந்த வண்ணமே என்பது பின்னர் தெளிவாயிற்று. லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவிலேயே பெண் நத்தையின் உடல் மாறத் தொடங்குகிறது. ஒரு மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு நானோகிராம்! நத்தை சாகவில்லை, முட்டை வெளிவரும் வழி அடைபட்டது, அவ்வளவே. பல கரைகளில் அவ்வினமே மறைந்தது. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அவ்வண்ணத்தை விலக்கியது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் பல கரைகளில் நத்தைகள் மீண்டன.

‘செத்தாயா?’ என்று மட்டும் கேட்டிருந்தால் நத்தை ‘இல்லை’ என்றே சொல்லியிருக்கும். ‘ஈன்றாயா?’ என்று கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

ஆதலால் இன்றைய ஆராய்ச்சியாளர் பிராணியிடம் பல கேள்விகள் கேட்கின்றனர். இரை தின்கிறதா? வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறதா? 21 நாளில் டாப்னியா எத்தனை குஞ்சுகளை ஈன்றது? இவற்றில் எளியது, ‘விலகிப் போகிறாயா?’ என்ற கேள்வி. ஒரு பெட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் நல்ல மண்ணும், மறுபக்கம் ஐயத்துக்குரிய மண்ணும் இடுக. தடுப்பை எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் பத்து மண்புழுக்களை விடுக. 48 மணி நேரத்துக்குப் பின் எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுக. இவ்வாறு பல பெட்டிகளில் செய்து, ஐயத்துக்குரிய பக்கத்தில் நூற்றுக்கு 20க்கும் குறைவாகவே புழுக்கள் இருந்தால், அம்மண் அவற்றுக்கு வாழ்விடமாக உதவவில்லை எனலாம். இதற்கும் ஒப்பீடு வேண்டும்: இரு பக்கமும் நல்ல மண்ணே இட்ட பெட்டியில் புழுக்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையேல், சன்னல் வெளிச்சத்துக்கு அஞ்சி ஓடியதை நஞ்சுக்கு அஞ்சி ஓடியதாகக் கொள்வோம். எந்தப் புழுவும் சாக வேண்டியதில்லை என்பது இம்முறையின் மற்றொரு சிறப்பு.

முடிவுரை

நம்மிற் பலர் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் சாயப்பட்டறை ஊர்களிலும் பிறந்தவர்கள். ஊருக்குச் செல்லும்போது, ‘படித்த பிள்ளையாயிற்றே, இந்தத் தண்ணீரைப் பார்த்துச் சொல்’ என்று யாரேனும் கேட்பார்கள். அப்போது இரண்டு பிழைகள் நம்மைக் காத்து நிற்கின்றன. ஒப்பீடின்றி ‘நஞ்சு’ என்று கூவுதல் ஒன்று. அதனால் ஏழையின் கூடை விற்காமற் போகும். சாவு நேரவில்லை என்பதால் ‘நலம்’ என்று கைகழுவுதல் மற்றொன்று. அதனால் ஒரு கரையின் உயிர்களே ஓசையின்றி மறையும். நஞ்சு என்று சொல்லவும் சான்று வேண்டும். நஞ்சில்லை என்று சொல்லவும் சான்று வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கரையில் காண்பவற்றைக் கண்டு மகிழுங்கள், அள்ளி வராதீர்கள். பவளங்களை எடுப்பது சட்டப்படி குற்றம். சோதனைக்குக் கடைமுட்டையும் தோட்டத்து மண்புழுவும் போதும்.

அடுத்த விடுமுறையில் மீண்டும் லாங் ஐலண்ட் செல்ல எண்ணியிருக்கிறேன். இம்முறை புதிய புட்டிகளோடு. அவற்றுள் பாதி, தூய நீருக்காக. படகோட்டி அண்ணனுக்கு நான் இன்னும் ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன்.